இண்டிகஸ், இண்டிகா, இண்டிகம்: ஒரு சொல்லுக்கு ஏன் மூன்று விகுதிகள்?

உங்கள் தாவரவியல், விலங்கியல் பாடங்களில் வரும் அறிவியல் பெயர்களை எப்படிக் கற்கிறீர்கள்? பெரும்பாலோர் நெட்டுருப் போடுவார்கள். தேர்வு முடிந்த மறுநாள் அவை மறந்தும் போகும். அவற்றைச் சிறிது இலக்கணத்தோடு பார்த்தால் நெட்டுருவுக்கே தேவையிராது. கீழே உள்ள நான்கு பெயர்களைப் படியுங்கள்.

மாமரம்: மாஞ்சிஃபெரா இண்டிகா
எள்: செசாமம் இண்டிகம்
நன்னாரி: ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ்
திமில் உள்ள நம் நாட்டு மாடு: போஸ் இண்டிகஸ்

நான்கிலும் இரண்டாவதாக நிற்கும் சொல்லுக்குப் பொருள் ஒன்றே: 'இந்தியாவுக்கு உரிய'. ஆனால் ஓரிடத்தில் 'இண்டிகா', ஓரிடத்தில் 'இண்டிகம்', வேறு இரண்டு இடங்களில் 'இண்டிகஸ்'. அச்சுப் பிழையா? இல்லை. நான்கும் சரியே. 'செசாமம் இண்டிகா' என்று எழுதினால்தான் பிழை. ஏன் என்று பார்ப்போமா?

சொல் கடந்து வந்த வழி

முதலில் இந்தச் சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்வோம். 'சிந்து' என்பது வடமொழியில் ஆற்றின் பெயர். பழைய பாரசீக மொழியில் சகரம் ஹகரமாக ஒலித்தது. ஆகவே சிந்து 'ஹிந்து' ஆயிற்று. சிற்றாசியாக் கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கர்கள் சொல்லின் முதலில் வரும் ஹகரத்தை ஒலிப்பதில்லை. அவர்கள் வாயில் அது 'இந்தோஸ்' ஆயிற்று. அந்த ஆற்றுக்கும் அதை அடுத்த நாட்டுக்கும் உரிய பொருள்களைக் குறிக்க 'இந்திகோஸ்' என்னும் பெயரடையைக் கிரேக்கர்கள் உண்டாக்கினார்கள்.

கிரேக்கத்தில் இந்தப் பெயரடைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஆண்பால் பெயரோடு வந்தால் இந்திகோஸ்; பெண்பாலோடு வந்தால் இந்திகே; பொதுப்பாலோடு வந்தால் இந்திகோன். ரோமானியர்கள் இதைக் கடன் வாங்கியபோது கிரேக்க விகுதிகளைக் கழற்றிவிட்டுத் தங்கள் இலத்தீன் விகுதிகளை மாட்டினார்கள். ஓஸ் 'அஸ்' ஆயிற்று. ஏ 'ஆ' ஆயிற்று. ஓன் 'அம்' ஆயிற்று. இவ்வாறு பிறந்தவையே இண்டிகஸ், இண்டிகா, இண்டிகம்.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. 'பஸ்' என்னும் சொல்லை நாம் வெளியிலிருந்து வாங்கினோம். ஆனால் 'பஸ்ஸை', 'பஸ்ஸுக்கு', 'பஸ்ஸில்' என்று நம் உருபுகளைத்தானே சேர்க்கிறோம்? கடன் வாங்கிய சொல்லுக்குத் தன் வீட்டு உடையை உடுத்துவது எல்லா மொழிகளுக்கும் வழக்கம்.

தமிழில் பொருளைப் பார்க்கிறோம். இலத்தீனில் சொல்லைப் பார்க்கிறார்கள்

'நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம்' என்கிறோம். 'நல்ல' என்னும் பெயரடை மாறவே இல்லை. ஆனால் அதே சொல் வாக்கியத்தின் இறுதிக்கு வந்தால்? 'பையன் நல்லவன், பெண் நல்லவள், மரம் நல்லது' என்று பால் காட்டும் விகுதி வந்துவிடுகிறது. இலத்தீனில் பெயரடை எங்கே நின்றாலும் இப்படி விகுதி ஏற்றே தீர வேண்டும். மாற்றம் நமக்குப் புதிதன்று, இடம்தான் வேறு.

இன்னொரு வேறுபாடு உண்டு. அதுதான் முக்கியமானது. தமிழில் பால் என்பது பொருளைச் சார்ந்தது. ஆணாயின் அவன், பெண்ணாயின் அவள், மற்றவையெல்லாம் அஃறிணை. மேசைக்கோ புத்தகத்துக்கோ நாம் ஆண், பெண் என்று பால் வகுப்பதில்லை. இலத்தீனில் பால் என்பது சொல்லோடு ஒட்டியது. புதுச்சேரிப் பள்ளிகளில் பிரெஞ்சு பயிலும் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். மேசையில் பெண்மை எதுவும் இல்லை. அந்தச் சொல் அந்த வகுப்பைச் சேர்ந்தது, அவ்வளவுதான். பிரெஞ்சு இலத்தீனின் வழிவந்த மொழி. தாய்மொழியில் இருந்த மூன்று பால்களில் பொதுப்பாலை அது இழந்துவிட்டது. மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது முதலில் கண்ட பெயர்களுக்குத் திரும்புவோம். அறிவியல் பெயரின் முதற் சொல் பேரினத்தைக் குறிக்கும். அது ஒரு பெயர்ச்சொல். இரண்டாவது சொல் சிற்றினத்தைப் பிரித்துக் காட்டும். அது பெயரடையாக இருந்தால் முன் நிற்கும் பெயரின் பாலைப் பின்பற்ற வேண்டும். மாஞ்சிஃபெரா பெண்பால், எனவே இண்டிகா. செசாமம் பொதுப்பால், எனவே இண்டிகம். ஹெமிடெஸ்மஸ் ஆண்பால், எனவே இண்டிகஸ். போஸ் என்பது காளை, பசு இரண்டுக்கும் பொதுவான இலத்தீன் சொல். அறிவியல் பெயரில் அதை ஆண்பாலாகக் கொள்கிறார்கள். ஆகவே உங்கள் வீட்டில் பால் கறக்கும் நாட்டுப் பசுவும் 'போஸ் இண்டிகஸ்'தான்!

நினைவில் வைக்க ஒரு குறிப்புச் சொல்கிறேன். மரம், பழம், குளம் என்று தமிழில் அஃறிணைப் பெயர்கள் பல 'அம்' என்று முடிகின்றன. இலத்தீனின் பொதுப்பால் விகுதியும் நாம் எழுதும் முறையில் 'அம்' ஆகிறது. இரண்டுக்கும் உறவு கிடையாது; தற்செயலான ஒற்றுமைதான். ஆனாலும் நினைவுக்கு நல்ல துணை.

ஒரு சிறு புதிர். சந்திரகுப்த மௌரியரின் காலத்தில் இங்கு வந்த மெகஸ்தனீஸ் எழுதிய நூல் 'இண்டிகா' என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நூலுக்குப் பெண்பால் விகுதி எப்படி வந்தது? அது பெண்பால் அன்று. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொதுப்பால் பன்மைக்கும் 'ஆ' என்பதே விகுதி. அந்தத் தலைப்பின் பொருள் 'இந்தியச் செய்திகள்'. மாமரத்தின் இண்டிகா பெண்பால் ஒருமை; மெகஸ்தனீஸின் இண்டிகா பொதுப்பால் பன்மை.

அரியாங்குப்பத்து மண்ணில் ஓர் ஆறாம் வேற்றுமை

பாலோடு இலத்தீன் பெயரடையின் வேலை முடியவில்லை. வேற்றுமையும் எண்ணும் ஏற்க வேண்டும். 'நல்ல மரத்தை' என்று சொல்லும்போது நாம் 'மரம்' என்னும் பெயருக்கு மட்டும் உருபு சேர்க்கிறோம். இலத்தீனில் 'நல்ல' என்பதும் இரண்டாம் வேற்றுமைக்கு மாறும். தமிழில் வேற்றுமை எட்டு. இலத்தீனில் பொதுவாக ஆறு. ஒருமை, பன்மை என எண் இரண்டு, பால் மூன்று. ஆறு, இரண்டு, மூன்று ஆகியவற்றைப் பெருக்குங்கள்: 36 இடங்கள். அப்படியானால் 36 வடிவங்களா? அஞ்ச வேண்டாம். ஒரே வடிவம் பல இடங்களில் வருவதால், எழுத்தில் பார்த்தால் 13 வடிவங்களே உள்ளன.

இந்த வேற்றுமை விகுதி ஒன்று புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மண்ணுக்குள் கிடந்தது. அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கே இத்தாலியின் அரெட்சோ நகரத்து வகையைச் சேர்ந்த செந்நிற மட்கலத் துண்டுகள் கிடைத்தன. குயவர்கள் தங்கள் பெயரை முத்திரையாகக் கலத்தில் பதிப்பது அங்கே வழக்கம். அரிக்கமேட்டுத் துண்டு ஒன்றில் 'காமூரி' என்னும் முத்திரை இருந்தது.

அந்தக் குயவனின் பெயர் காமூரி அன்று, காமூரியஸ். 'காமூரியஸ்' என்பது எழுவாய் வடிவம். அதன் ஆறாம் வேற்றுமை வடிவம் 'காமூரி'. 'காமூரியஸின் கலம்' என்பதையே ஒற்றைச் சொல்லில் அந்த முத்திரை சொல்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த ஓர் ஆறாம் வேற்றுமை உருபு அது!

இதே ஆறாம் வேற்றுமையை இன்றைய அறிவியல் பெயர்களிலும் காணலாம். நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிக்கு 'காலஸ் சொன்னராட்டிஐ' என்று பெயர். பியேர் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர் 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்து, தாம் கண்டவற்றை 1782இல் நூலாக வெளியிட்டார். புதுச்சேரிக்கும் அவர் வந்து தங்கியிருக்கிறார். அவர் நினைவாக டெம்மிங்க் என்னும் டச்சு அறிஞர் 1813இல் இட்ட பெயர் அது. 'சொன்னராவின் கோழி' என்பது பொருள். இங்கே இரண்டாவது சொல் பெயரடை இல்லை. ஆறாம் வேற்றுமை ஏற்ற பெயர்ச்சொல். எனவே பேரினத்தின் பால் எதுவானாலும் இதன் விகுதி மாறாது. பால் பார்த்து மாறுவது பெயரடை மட்டுமே. இந்த வேறுபாட்டை மறவாதீர்கள்.

மருந்து நூல்களிலும் இவ்வடிவங்கள் உண்டு. நல்லெண்ணெய்க்கு அங்கே 'ஓலியம் செசாமி' என்று பெயர். செசாமம் என்பதன் ஆறாம் வேற்றுமை செசாமி. 'எள்ளின் எண்ணெய்' என்று பொருள். தாவரவியலிலோ, 1935 முதல் 2011 முடிய, புதிதாகக் கண்ட தாவரத்தைப் பற்றி இலத்தீனில் விளக்கக் குறிப்பு எழுதினால்தான் அதன் பெயர் செல்லும் என்று விதி இருந்தது. அதனால் தாவரவியலார் வேற்றுமைகளை எல்லாம் கற்க வேண்டியிருந்தது. 2012 முதல் ஆங்கிலத்தில் எழுதினாலும் ஏற்கிறார்கள். ஆனால் பெயர் மட்டும் இன்னும் இலத்தீன் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டதே.

புளியமரம் தரும் பொறி

'அஸ் என்று முடிந்தால் ஆண்பால், ஆ என்று முடிந்தால் பெண்பால், அம் என்று முடிந்தால் பொதுப்பால். இவ்வளவுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். அப்படியானால் புளியமரத்தின் பெயரைப் பாருங்கள்: 'டாமரிண்டஸ் இண்டிகா'. முன்னது அஸ், பின்னது ஆ. அரசமரத்தையும் பாருங்கள்: 'ஃபைகஸ் ரெலிஜியோசா'. இங்கும் அப்படியே. இவை பிழையா?

பிழை இல்லை. ரோமானியர்கள் மரங்களின் பெயர்களைப் பெண்பாலாகவே வழங்கினார்கள். விகுதி 'அஸ்' என்று இருந்தாலும் அத்தி வகையைக் குறிக்கும் ஃபைகஸ் அவர்களுக்குப் பெண்பால்தான். லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற் பெயர் இட்டபோது இந்த மரபைப் பின்பற்றிப் புளிக்கு 'டாமரிண்டஸ் இண்டிகா' என்று எழுதினார். ஆகவே விகுதி ஒரு குறிப்புத் தரும். ஆனால் தீர்ப்புச் சொல்லாது. முள்ளம்பன்றியின் பெயர் 'ஹிஸ்ட்ரிக்ஸ் இண்டிகா'. ஹிஸ்ட்ரிக்ஸ் என்னும் கிரேக்கச் சொல்லின் முடிவைப் பார்த்து அதன் பாலைச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் இண்டிகா என்பதைப் பார்த்தவுடன் அது பெண்பால் என்று சொல்லிவிடலாம். பின்னால் வரும் பெயரடையே முன் நிற்கும் பெயரின் பாலைக் காட்டிக் கொடுக்கிறது.

புளியின் பெயரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரபியர் புளியைத் 'தமர் ஹிந்தி' என்றார்கள். 'இந்தியப் பேரீச்சை' என்பது பொருள். அதுவே இலத்தீனில் டாமரிண்டஸ் ஆனது. அதன்பின் 'இண்டிகா' என்றும் சேர்த்ததால், 'இந்திய' என்பது ஒரே பெயரில் இருமுறை வந்துவிட்டது. இத்தனைக்கும் புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்றே தாவரவியலார் கருதுகிறார்கள்.

மாவின் பெயரிலோ நம் சொல்லே ஒளிந்திருக்கிறது. மாங்காய் என்பது மலையாளக் கரையில் போர்த்துக்கேயர் வாயில் 'மங்கா' ஆயிற்று. அதனோடு 'தாங்குவது, தருவது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைச் சேர்த்து மாஞ்சிஃபெரா என்றார்கள்.

'இண்டிகா' என்று பெயரில் இருப்பதாலேயே ஒரு தாவரம் இந்தியாவில் தோன்றியது என்று முடிவு கட்டாதீர்கள். தோட்டங்களில் வளரும் கல்வாழைக்கு 'கன்னா இண்டிகா' என்று பெயர். அது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்கு உரியது. கொலம்பஸ் சென்றடைந்த நாடுகளையும் ஐரோப்பியர் 'இந்தியத் தீவுகள்' என்றே அழைத்து வந்ததால் நேர்ந்தது இது. பெயர் என்பது அடையாளச் சீட்டுதான். பிறப்புச் சான்றிதழ் ஆகாது.

குடும்பம் மாறினால் விகுதியும் மாறும்

இந்த இலக்கணம் தெரியாவிட்டால் என்ன நட்டம்? ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

நன்னாரிக்கு லின்னேயஸ் இட்ட பெயர் 'பெரிப்ளோகா இண்டிகா'. பெரிப்ளோகா பெண்பால். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியலார் நன்னாரி தனிப் பேரினமாக நிற்கத் தக்கது என்று கண்டு 'ஹெமிடெஸ்மஸ்' என்னும் பேரினத்தை அமைத்தார். ஹெமிடெஸ்மஸ் ஆண்பால். பழைய சிற்றினச் சொல் புதிய பேரினத்துக்குக் குடிபெயர்ந்தபோது இண்டிகா 'இண்டிகஸ்' ஆயிற்று.

ராபர்ட் பிரௌன் என்றதும் இயற்பியல் மாணவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் அலைவதை 1827இல் கண்டவர் அவரே. பிரௌனியன் இயக்கம் என்று நாம் படிப்பது அதைத்தான்.

அடுத்து, வேலியோரம் மஞ்சள் பூப் பூக்கும் துத்தி. லின்னேயஸ் அதைச் 'சீடா இண்டிகா' என்றார். 1826இல் ஸ்வீட் என்பவர் அதை அபுடிலான் பேரினத்துக்கு மாற்றினார். அபுடிலான் பொதுப்பால். எனவே அது 'அபுடிலான் இண்டிகம்' ஆயிற்று. இப்பெயருக்குப் பின்னால் '(எல்.) ஸ்வீட்' என்று நூல்களில் எழுதியிருப்பார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பவர் முதலில் பெயரிட்டவர். எல் என்பது லின்னேயஸ். வெளியே இருப்பவர் பேரினம் மாற்றியவர். ஆக, அடைப்புக்குறியைக் கண்டால் இந்தச் செடி ஒரு முறையாவது குடிபெயர்ந்தது என்று அறியலாம்.

ஒரு பழைய நூலில் சீடா இண்டிகா என்றும், புதிய நூலில் அபுடிலான் இண்டிகம் என்றும் படிக்கும் மாணவன் இவை வேறு வேறு செடிகள் என்று நினைத்துவிடலாம். மூலிகைக்கு அது சிறிய தவறாகாது. கணிப்பொறியில் தேடும்போதும் விகுதியின் ஓர் எழுத்து மாறினால் தேடியது கிட்டாமற் போகலாம். பெயரடையின் அடி 'இண்டிக்' என்பது மாறாது, விகுதி மட்டுமே மாறும் என்று தெரிந்தவன் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைத்துப் பார்ப்பான்.

புதுச்சேரியின் பெயரே இப்படிப் பால் மாறியிருக்கிறது. சொன்னரா விவரித்த பறவைகள் சிலவற்றுக்கு கிமெலின் என்னும் ஜெர்மானியர் 1789இல் இலத்தீன் பெயர்கள் இட்டார். பறவை நூல்களில் காட்டுக்கீச்சான் எனப்படும் சிறு சாம்பல் பறவைக்கு 'மஸ்கிகாபா பாண்டிசெரியானா' என்பது அவர் இட்ட பெயர். 'புதுச்சேரிக்கு உரிய' என்று பொருள். மஸ்கிகாபா பெண்பால். பின்னர் அப்பறவை 'டெஃப்ரோடார்னிஸ்' என்னும் பேரினத்துக்கு மாறியது. அது ஆண்பாலாகக் கொள்ளப்படுவதால் இன்று அப்பறவை 'டெஃப்ரோடார்னிஸ் பாண்டிசெரியானஸ்'. கௌதாரியின் கதை வேறு. டெட்ராவோ, ஃபிராங்கோலினஸ், ஆர்டிகார்னிஸ் என்று அதன் பேரினப் பெயர் மாறி வந்துள்ளது. மூன்றும் ஆண்பாலாகவே இருந்ததால் 'பாண்டிசெரியானஸ்' என்பது மட்டும் மாறவே இல்லை.

பொதுப்பால் வடிவம் தனிச் சொல்லான கதை

இனி நான் கற்பிக்கும் இயற்பியலுக்கு வருகிறேன். இண்டிகம் என்னும் பொதுப்பால் வடிவம் பெயரடையாகவே நின்றுவிடவில்லை. தனியே புறப்பட்டுப் பெரிய பயணம் போயிற்று.

அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்தைக் கிரேக்கர்கள் 'இந்திகோன்' என்றார்கள். 'இந்தியப் பொருள்' என்பது அதன் பொருள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடற்பயண நூல்' சிந்து முகத்துவாரத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமையான பொருள்களில் 'இந்தியக் கருமை' என்பதையும் சேர்க்கிறது. அதை அவுரி நீலம் என்று கொள்கிறார்கள். அதே நூல் நம் கிழக்குக் கரையில் 'பொதுகே' என்னும் துறையைச் சொல்கிறது. அதுவே அரிக்கமேடு என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அரிக்கமேட்டில் வீலர் கண்ட செங்கல் தொட்டிகள் மெல்லிய துணிக்குச் சாயம் தோய்க்கப் பயன்பட்டவையாகலாம் என்பது அவர் கருத்து. பின்னாளில், 19ஆம் நூற்றாண்டில், அவுரி நீலம் தோய்த்த துணிகள் புதுச்சேரியிலிருந்து ஆப்பிரிக்காவின் செனெகல் வரை சென்றன.

அவுரி இலையில் நீலம் நேரடியாக இல்லை. 'இண்டிகன்' என்னும் நிறமற்ற பொருளே அதில் உள்ளது. இலைகளை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டால் இண்டிகன் சிதைந்து இண்டாக்ஸில் என்னும் பொருள் உண்டாகும். அந்த நீரை அடித்துக் கலக்கிக் காற்றுப் படச் செய்தால் அது ஆக்சிஜனுடன் சேர்ந்து நீலமாகப் படியும். இண்டிகன் என்னும் பெயரும் நம் சொல்லின் குழந்தையே என்பதைக் கவனித்தீர்களா?

இலத்தீனின் 'இண்டிகம்' ஸ்பானியம், போர்த்துக்கேயம் ஆகிய மொழிகளில் ஓகார ஈறு பெற்று 'இண்டிகோ' ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் சென்றது. நியூட்டன் வானவில்லின் நிறங்களை ஏழாகப் பகுத்தபோது நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையே இண்டிகோவை வைத்தார். நாம் கருநீலம் என்று படிப்பது அதுவே.

ஒரு தனிமத்தைச் சுடரில் இட்டு வெப்பமாக்கினால் அது தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளி வீசும். அந்த ஒளியை நிறமாலை காட்டி வழியே பார்த்தால் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் கோடுகள் வேறு. நம் கைரேகை போல. இந்த முறையால் பன்சனும் கிர்க்காஃபும் 1860இல் சீசியத்தையும், 1861இல் ருபிடியத்தையும் கண்டார்கள். அவற்றின் பெயர்களும் இலத்தீன் பெயரடைகளிலிருந்து வந்தவையே. சீசியஸ் என்றால் வான் நீலம். ருபிடஸ் என்றால் கருஞ்சிவப்பு. கோடுகளின் நிறமே பெயராயிற்று.

1863இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஃபெர்டினாண்ட் ரைக் என்பவர் துத்தநாகத் தாதுக்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிறக்குருடு. ஆகவே நிறமாலையைப் பார்க்கும் வேலையைத் தம் உதவியாளர் ரிக்டரிடம் விட்டார். அதுவரை எந்தத் தனிமத்திலும் காணாத பளிச்சென்ற கருநீலக் கோடு ஒன்று ரிக்டரின் கண்ணில் பட்டது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 451 நானோமீட்டர். அந்த இண்டிகோ நிறத்தை வைத்துப் புதிய தனிமத்துக்கு 'இண்டியம்' என்று பெயரிட்டார்கள். அதன் அணு எண் 49.

இண்டியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்துச் செய்யும் மெல்லிய படலம் ஒளியை ஊடுருவ விடும், மின்சாரத்தையும் கடத்தும். இவ்விரண்டு பண்புகளும் ஒருங்கே அமைவது அரிது. அதனால்தான் தொடுதிரைக் கைபேசிகளின் கண்ணாடியில் இப்படலத்தைப் பூசுகிறார்கள். சிந்து ஆற்றின் பெயர் பாரசீகம், கிரேக்கம், இலத்தீன் எனக் கடந்து, சாயமாகி, நிறமாகி, நிறமாலைக் கோடாகி, இன்று நம் விரல் நுனியில் வந்து நிற்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ள இடங்களை இண்டிகஸ், இண்டிகா, இண்டிகம் ஆகியவற்றுள் சரியானதைக் கொண்டு நிரப்புங்கள்.

1. குப்பைமேனியின் பேரினம் அகாலிஃபா, பெண்பால். அகாலிஃபா ______.

2. ஒரு மரத்துக்கு லின்னேயஸ் இட்ட பெயர் பிக்னோனியா இண்டிகா. அது இப்போது ஒராக்ஸிலம் என்னும் பொதுப்பால் பேரினத்தில் உள்ளது. ஒராக்ஸிலம் ______.

3. காட்டுக்கோழியின் 'சொன்னராட்டிஐ' என்பதைப் பெண்பால் பேரினம் ஒன்றுக்கு மாற்றினால் விகுதி என்ன ஆகும்?

விடைகள்: முதலாவது இண்டிகா. இரண்டாவது இண்டிகம், மர வகையாயினும் 'அம்' விகுதி பெற்ற பெயர் பொதுப்பாலாகவே நிற்கும். மூன்றாவது மாறாது, அது ஆறாம் வேற்றுமைப் பெயர் அல்லவா?

உங்கள் பள்ளித் தோட்டத்து மரங்களுக்குப் பெயர்ப் பலகை எழுத நேர்ந்தால், எழுதும் முன் பேரினத்தின் பால் என்ன என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். விகுதி தானே சரியாக அமையும்.